ஃபிரிட்ஜில் ஆறு கிழங்குகள்

ஹயசிந்த் குளிர்நாட்டுப் பூ, சென்னையில் பூக்காது என்று நினைப்பது தவறு, இன்ஸ்பெக்டர் சார். கிழங்கைப் பத்து வாரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தொட்டியில் நட்டால் மேற்கு மாம்பலத்திலும் பூக்கும். பார்வைக்கு வெங்காயம் மாதிரிதான் இருக்கும். பக்கத்தில் ஆப்பிள் மட்டும் இருக்கக் கூடாது. அதிலிருந்து வரும் வாயு பட்டால் உள்ளே இருக்கும் மொட்டு கருகிவிடும்.

எங்கள் வீட்டில் ஆப்பிளுக்குக் குறைவில்லை. என் மனைவி ஜெயபாரதியின் அண்ணன் ரகுபதி, சர்க்கரை நோயாளி, எங்களோடுதான் இருந்தார். உடம்பு முடியாதவரைப் பார்க்க யார் வெறுங்கையோடு வருவார்கள்? ஆளுக்கு அரை டஜன். போன வருடம் என் கிழங்குகள் அத்தனையும் போயின. அன்று அழுதேன், சார். சொல்ல வெட்கமில்லை.

இந்த வருடம் ஜெயபாரதியிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். "எங்க அண்ணனுக்கு வந்த பழத்தை வெளிய வெச்சு அழுக விடணுமா?" என்றாள். "என்ன மாப்ளே, வெங்காயத்துக்குப் போயா சண்டை?" என்று மச்சான் சிரித்தார். எனக்குச் சண்டை பிடிக்காது. அத்தோடு விட்டுவிட்டேன்.

அவருக்கு இன்சுலின் போடுவது நான்தான். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. செப்டம்பரில் கிழங்குகள் வந்த நாளிலிருந்து, காலையில் ஊசி போட்டதும் மருந்தை மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். மாலையில் எடுத்துவந்து ஃபிரிட்ஜில் அதே இடத்தில் வைத்தேன். மருந்து வீணாகி, அவருக்குச் சர்க்கரை ஏறியது. டாக்டர் அளவைக் கூட்டினார். நானும் கூட்டிப் போட்டேன். "நீங்க இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன் மாப்ளே" என்பார். ஏழாவது வாரம் போய்ச் சேர்ந்தார்.

துக்க வீட்டுக்கு யாரும் பழம் வாங்கி வருவதில்லை. ஃபிரிட்ஜ் காலியாக, நிம்மதியாக இருந்தது. ஆனால் காரியம் முடிவதற்குள் ஜெயபாரதி பிரஷர் ஏறிப் படுத்துவிட்டாள். அவளைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நேற்று மட்டும் பன்னிரண்டு ஆப்பிள். அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் நான்தான். இன்று காலை அந்த மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நேராக இங்கே வந்துவிட்டேன். அவள் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

கிழங்குகளுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் பாக்கி. வீட்டைச் சோதனை போட ஆள் அனுப்புவீர்கள் அல்லவா? அப்படியே அந்த ஆப்பிள்களை மட்டும் வெளியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள், சார்.