பிக்கப் வண்டியின் வலது விளக்கு

நான் கண்டதையும் கேட்டதையும் உள்ளபடியே பதிவு செய்யப்போகிறேன். எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

என் பெயர் கல்லியோப்பி ஸ்திவக்தாகி. தந்தை பெயர் மனூசோஸ், தாய் பெயர் எவாந்தியா. வயது பதினைந்து. மேல்நிலைப் பள்ளி முதலாம் ஆண்டு மாணவி. முகவரி: கிரீட் தீவு, இராக்லியோ நகரம், மீன் சந்தைக்குப் பின்தெரு, எண் 14, இரண்டாம் மாடி.

வயது குறைவு என்பதால் என்னிடம் சத்தியப் பிரமாணம் வாங்கவில்லை. தந்தைக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுக்கும் உரிமை எனக்கு உண்டு என்று உதவி ஆய்வாளர் அம்மையார் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் புரிகிறது என்றேன். அதன் பிறகு அவர் காகிதம் கொடுத்து, என் கையாலேயே எழுதச் சொன்னார்.

என் தந்தை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் ஓட்டலின் சுற்றுலாப் பேருந்தை ஓட்டுகிறார். உலகத்துக்கெல்லாம் தீவைச் சுற்றிக் காட்டுகிறவர் எங்களை ஒரு நாளும் கூட்டிப்போனதில்லை என்று அம்மா பல வருடமாகச் சொல்லிவந்தார். அதனால் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு வாரம் எங்கள் காரிலேயே தீவைச் சுற்றுவது என்று முடிவாகி, டிசம்பர் 27 காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். தினமும் கிளம்பிய நேரம், ஓடிய தூரம், பார்த்த ஊர், துப்பாக்கிக் குண்டு துளைத்த வழிகாட்டிப் பலகைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவந்தேன். நான்கு நாளில் பலகைகள் அறுபத்து மூன்று. ஸ்ஃபாக்கியா மலைப்பகுதியில் மட்டும் இருபத்தொன்பது. அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சுட்டவன் பேரையும் எழுதிக்க, வக்கீலம்மா. கேஸ் போடலாம்" என்று சிரித்தார். அந்த நான்கு நாளும் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். எனக்கு முன்பே அப்பா மேல் கோபம் இருந்தது என்று நாளை யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

ஐந்தாம் நாளான டிசம்பர் 31 அன்று மழை பெய்தது. எலஃபோனிசிக் கடற்கரையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. கொஞ்ச நேரம் காருக்குள் இருந்தபடியே கடலைப் பார்த்துவிட்டு ஹன்யா நகரத்துக்குக் கிளம்பினோம். அந்த மலைப்பாதையில் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய சுரங்கம் இருக்கிறது. பாறையைக் குடைந்தது. உள்ளே விளக்கு கிடையாது, நடுவில் ஒரு வளைவு உண்டு. வாயிலில் சிக்னல் இருந்தாலும் எங்கள் ஆட்கள் அதைப் பார்ப்பதில்லை. ஹாரனை இரண்டு முறை அடித்துவிட்டு, எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் வளைவுப் பாறையில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். விழாவிட்டால் நுழைவார்கள், விழுந்தால் ஒதுங்கி நிற்பார்கள்.

நாங்கள் வாயிலுக்கு வந்தபோது மணி இரண்டு பத்து. சிக்னல் சிவப்பாக இருந்தது. நான் சொன்னேன். அப்பா, "அது சுற்றுலாக்காரனுக்கு வச்சது, கண்ணு" என்று சொல்லி ஹாரன் அடித்தார். அதன் பிறகு வளைவுப் பாறையில் மஞ்சளாக வெளிச்சம் விழுந்தது. நான், "வெளிச்சம் வருதுப்பா" என்றேன். அம்மா, "நில்லு மனூசோ, அந்த ஆள் வந்துடட்டும்" என்றார். அப்பா, "அவன் பின்னாடி எடுப்பான். நாப்பதடி பஸ்ஸ சந்துக்குள்ள திருப்புறவன் நான், எனக்கு வழிவிட அவனுக்கென்ன கேடு?" என்று சொல்லிக் காரை உள்ளே விட்டார்.

பின்னால் எடுக்க எதிரே வந்தவருக்கு நேரமே இருக்கவில்லை. வளைவில் இரண்டு வண்டிகளும் மோதின. அது ஆலிவ் மூட்டைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிச் சென்ற பழைய பிக்கப் வண்டி. மூட்டைகள் சரிந்து பிரிந்து, காய்கள் சக்கரத்தடியில் நசுங்கி, சுரங்கம் முழுக்கப் பச்சை எண்ணெய் வாசம் வந்தது. எங்கள் காரின் விளக்குகள் இரண்டும் உடைந்துவிட்டன. பிக்கப்பின் இடது விளக்கும் உடைந்தது, வலது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் எங்கள் முன்கண்ணாடி வழியாக வந்து, அம்மாவின் மடியில் கிடந்த ஆரஞ்சுத் தோல் வரைக்கும் தெரிந்தது. எங்கள் மூவருக்கும் காயமில்லை.

அதன் பிறகு அப்பா இறங்கிப் போனார். பிக்கப்பை ஓட்டியவர், எழுபத்தொரு வயதான பொலிக்ரோனிஸ் கந்தராகிஸ், ஸ்டியரிங் மேல் தலைசாய்ந்து கிடந்தார். அப்பா, "பெரியவரே, பெரியவரே" என்று இரண்டு முறை கூப்பிட்டார். பதில் வரவில்லை. அப்பா எங்கள் காரைத் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டார். வலது விளக்கு அணைந்தது. தீப்பிடித்துவிடக் கூடாது என்றுதான் அணைக்கிறார் என்று நினைத்தேன். அப்பாவுக்கு எவ்வளவு நிதானம் என்றுகூட நினைத்தேன்.

அதன் பிறகு அவர் வெளியே ஓடிப்போய்த் தொலைபேசியில் உதவி கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, தன் கோட்டைக் கழற்றிப் பெரியவருக்குப் போர்த்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெறும் சட்டையோடு குளிரில் நின்றார். இதுவும் உண்மை.

அதன் பிறகு வந்த போலீஸ்காரரிடம் அப்பா, "லைட்டே போடாம வந்தாரு சார். நான் ஹாரன் அடிச்சுப் பாத்தேன், உள்ள ஒரே இருட்டு" என்றார். போலீஸ்காரர் பிக்கப்பின் விளக்குச் சுவிட்சைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அம்மாவைக் கேட்டார். அம்மா தன் காலணியைப் பார்த்தபடி, "ஆமா, இருட்டுதான்" என்றார். என் பக்கம் திரும்பியபோது அப்பா முந்திக்கொண்டு, "பாப்பா பின்னால படிச்சிட்டிருந்தா, எதையும் பாக்கல" என்றார். மலைப்பாதையில் படித்தால் எனக்கு வாந்தி வரும். மூன்று வயதிலிருந்தே அப்படித்தான். இது என் அப்பாவுக்குத் தெரியும்.

நான் அப்போதே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

ஜனவரி 1 அன்று, நாணயம் வைத்துச் சுடும் புத்தாண்டுக் கேக்கை வாங்கிக்கொண்டு அப்பா எங்களை ஹன்யா மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். பெரியவருக்கு இரண்டு கால்களும் முறிந்திருந்தன. அவருடைய மகள் ஆர்கிரோ, விளக்கில்லாமல் ஓட்டியதாக அவர் மேல் வழக்கு வருகிறது என்றும், இனிமேல் அவர் கையில் சாவி கொடுக்கப்போவதில்லை என்றும் சொன்னார். "ராத்திரியெல்லாம் இதே கேள்விதான். லைட் போட்டேனா ஆர்கிரோ, போடலியான்னு. எனக்கெப்பிடித் தெரியும்?"

பெரியவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்பது வருஷமா அந்தச் சுரங்கத்துல லைட் போடாம நுழைஞ்சதில்ல தம்பி. இந்தத் தடவ போட்டதா ஞாபகமே வரல. எங்கப்பாவுக்கும் புத்தி இப்பிடித்தான் போக ஆரம்பிச்சுது. உன் குடும்பத்தையே கொல்லப் பாத்தேன். என்னை மன்னிச்சிரு" என்று சொல்லி அழுதார்.

என் அப்பா குனிந்து அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, "விடுங்க பெரியவரே. வயசாச்சு, மறந்திருப்பீங்க" என்றார்.

அதன் பிறகு கேக் வெட்டினார்கள். நாணயம் பெரியவரின் துண்டில் வந்தது. அப்பா கை தட்டி, "பாத்தீங்களா, இந்த வருஷம் அதிர்ஷ்டம் உங்களுக்குத்தான்" என்றார். என் துண்டை நான் அப்படியே தட்டில் வைத்துவிட்டேன்.

வெளியே வந்ததும் நான் அப்பாவிடம், "விளக்க நீங்கதான் அணைச்சீங்க. நான் பாத்தேன்" என்றேன். அவர், "சரி வக்கீலம்மா, என் லைசென்ஸ் போனா ஏப்ரல்ல யாரு சம்பாதிப்பா? நீயா?" என்றார். அம்மா, "அவருக்கு எழுபத்தொண்ணு, கல்லியோப்பி. இனிமே ஓட்டி என்ன பண்ணப்போறாரு?" என்றார். நான், "அவருக்குப் புத்தி போகுதுன்னு அவரையே நம்ப வச்சுட்டீங்களே" என்றேன். அப்பா, "மெதுவா பேசு, ஆளுங்க பாக்கறாங்க" என்றார். அவருக்கு அதுதான் கவலை.

எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் எழுதலாமா என்று உதவி ஆய்வாளரிடம் கேட்டேன். நடந்ததை மட்டும் எழுது என்றார். நடந்ததை மட்டுமே எழுதியிருக்கிறேன்.

இன்று ஜனவரி 3. கார் பழுது பார்க்கப்படுவதால் ஹன்யாவில் தங்கியிருக்கிறோம். பெற்றோர் பட்டறைக்குப் போன நேரத்தில் நான் தனியாக நடந்து இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். டிசம்பர் 31 அன்றைய பக்கத்தோடு நோட்டுப் புத்தகத்தையும் ஒப்படைக்கிறேன். எனக்கு ஒரே கோரிக்கை உண்டு. நீதிமன்றத்துக்கு அனுப்புவதற்கு முன், இன்றைக்கே, இதைப் பெரியவர் கந்தராகிஸுக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். அவர் எதையும் மறக்கவில்லை.

யாரும் சொல்லிக்கொடுக்காமலும் மிரட்டாமலும் நானே எழுதி, முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்து, ஒவ்வொரு வரிக்கும் நானே பொறுப்பு என்று ஏற்றுக் கையெழுத்திடுகிறேன்.

கல்லியோப்பி ஸ்திவக்தாகி

கையெழுத்திட்ட பின் சேர்த்தது: பிக்கப்பின் விளக்கு எரியவில்லை என்று தந்தையும் தாயும் கையெழுத்திட்டிருக்கிறார்கள், இதற்கு என்ன சொல்கிறாய் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். போலீஸ்காரர் வந்தபோது எரியவில்லை என்பது சரிதான். மோதும்போதும் மோதிய பிறகும் எரிந்தது. அதன் பிறகு, என் தந்தையின் வலது கையால், விளக்கு அணைக்கப்பட்டது.