பாதியில் இறங்கியவள்

செவிலிமேடு டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் கேட்டாள்:

“ஸ்கூல்ல பாறை ஏற இட்டுக்கினு போனாங்களே, உன் பொண்ணு ஏறினாளா?”

“பாதியில இறங்கிட்டாம்மா. இட்டுக்கினு போன சாருக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக் குடுக்கணும்.”

நான் போனைக் கீழே வைத்தேன்.

“சாருக்கா?”

“அவரு சம்சாரத்துக்குதான். இவ கயித்துல தொங்கிக்கினு, ‘பயமா இருக்குது, இறக்குங்க’ன்னு கத்தியிருக்கா. சார் எல்லாரையும் கைதட்டச் சொன்னாராம்.”

“ஏறாததுக்கா?”

“வாயத் தொறந்து சொன்னதுக்கு. போன வருஷம் கை உடைஞ்சி மூணு நாளு யாருக்கும் சொல்லாம இருந்தவ இவ. இன்னிக்கி காலையில ‘வயித்த வலிக்குதும்மா’ன்னா. எனக்கு அழுகையே வந்துடுச்சி.”

“அவ்ளோ வலியா?”

“இல்லம்மா. எங்கிட்ட சொல்லிட்டாளே!”