பெயின்ட் காயாத வேகத்தடை

மணி இரண்டு பத்து. பகல் இல்லை, இரவு இரண்டு பத்து. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரக்கு மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஒரு புறவழிச்சாலை. இரண்டு கிலோமீட்டருக்கு நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். வளைவு இல்லை, வீடு இல்லை, விளக்குக் கம்பங்கள் உண்டு, வெளிச்சம் இல்லை. என் சிநேகிதன் ஒருவன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். அவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு அந்தச் சாலையில்தான் இது நடந்தது. கதை கட்டுகிற ஆள் இல்லை அவன். வாயைத் திறந்தால் இரும்பு விலையைப் பற்றித்தான் பேசுவான். இதைச் சொல்லும்போது மட்டும் இரண்டு முறை எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான்.

அந்த மனிதருக்கு வேலை, சாலையில் வெள்ளைக் கோடு போடுவது. ஊரே அவரைக் கோட்டுக்காரர் என்றுதான் கூப்பிடும். வண்டி ஓடாத நேரத்தில்தான் கோடு போட முடியும், அதனால் இருபது வருடமாக ராத்திரி வேலை. பெயின்டை அடுப்பில் பாகு மாதிரிக் காய்ச்சி, சூட்டோடு தரையில் இழுக்க வேண்டும். அது ஆறுவதற்குள் மேலே கண்ணாடித் தூளைத் தூவ வேண்டும். பொடிப்பொடியாக, மணல் மாதிரி. வண்டி வெளிச்சம் பட்டால் கோடு பளிச்சென்று மின்னுவது அதனால்தான். அவருடைய சட்டைப் பையிலும் செருப்பிலும் எந்நேரமும் அந்தத் தூள் இருக்கும். வீட்டுக்காரம்மா துணி துவைக்கும்போதெல்லாம் திட்டுவார்.

அவருக்கு ஒரே மகன். பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. மகனோடு ஒட்டிப் பிறந்தவன் போல் ஒரு சிநேகிதன், அவனும் அதே வேலை. எத்தனை முறை விழுந்தாலும் உடனே எழுந்து நிற்பான் என்பதால் ரப்பர் என்று பெயர். பாதி நாள் சாப்பாடு கோட்டுக்காரர் வீட்டில்தான். அவன் வண்டியின் பின்பக்க நம்பர் பலகை ஒரு பக்கம் கழன்று எப்போதும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருக்கும். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதுமே அம்மா இன்னொரு தட்டை எடுத்து வைத்துவிடுவார்.

அந்த நேர்ச்சாலையில் பையன்கள் பந்தயம் விட்டார்கள். சாலை அலுவலகம் என்னென்னவோ செய்து பார்த்தது. எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள், பையன்கள் அதில் சட்டையைக் கழற்றி மாட்டினார்கள். போலீஸ் பத்து மணிக்கு வந்தது, பையன்கள் இரண்டு மணிக்கு வந்தார்கள். கடைசியில், வேலை நடப்பதாக நினைத்துப் பயப்படட்டும் என்று, சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த தகர டிரம் நான்கை நடுச்சாலையில் நிறுத்தினார்கள். பின்னால் எந்த வேலையும் கிடையாது. வெறும் டிரம். மூன்று மாதம் இப்படியே போயிற்று. பையன்கள் வருவார்கள், டிரம்மை ஓரமாக நகர்த்துவார்கள், ஓட்டுவார்கள், நல்ல பிள்ளைகளாகத் திரும்ப எடுத்து வைத்துவிட்டுப் போவார்கள்.

பிறகுதான் வேகத்தடை போடச் சொல்லி உத்தரவு வந்தது.

அன்றைக்குக் கோட்டுக்காரருக்குத் தூக்கமில்லாத மூன்றாவது ராத்திரி. தார் போட்டு உருட்டி முடிக்கப் பதினொன்று ஆகிவிட்டது. பெயின்ட் அடுப்பைப் பற்றவைத்தால் சிலிண்டரில் வாயு இல்லை. கறுப்புச் சாலையில் கறுப்பு மேடு, பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரியவில்லை. மற்றவர்கள் வண்டியேறிப் போய்விட்டார்கள். அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. பெயின்ட் ஏறாத வேகத்தடையை ஆள் இல்லாமல் விடக்கூடாது. விடியும்வரை ஒருவர் சிவப்பு விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மேஸ்திரி என்ற முறையில் அன்றைக்கு அது அவருடைய பொறுப்பு.

நின்றார். பன்னிரண்டு வரை நின்றார். கால் தானாக மடங்கியது. விளக்கை ஒரு டிரம்மின் மேல் வைத்தார். ஒரு கண் தூங்கிவிட்டு வந்துவிடலாம் என்று வீட்டுக்குப் போனார்... அவ்வளவுதான். வேறு தப்பு ஒன்றும் செய்யவில்லை அந்த மனிதர்.

விடிந்தபோது தெருவில் ஓட்டமும் பேச்சுமாக இருந்தது. ரப்பர் போய்விட்டான். இந்த முறை எழுந்திருக்கவில்லை. நேரம், இரண்டு பத்து.

மத்தியானம் கோட்டுக்காரர் தன் கையாலேயே அந்த மேட்டுக்குப் பெயின்ட் போட்டார். தண்ணீர் ஊற்றிக் கழுவிய இடம் இன்னும் ஈரமாக இருந்தது. அதிக வேகம் என்று அறிக்கையில் எழுதினார்கள். விளக்கோடு யார் நின்றது என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகன் பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி தானாகச் சொன்னான். தானும் ரப்பரும்தான் அன்றைக்குப் பந்தயம் விட்டார்களாம், தான் ஒரு வண்டி நீளம் பின்னால் வந்தானாம். மேலே இருந்த விளக்கோடு சேர்த்து டிரம்மை ஓரமாக நகர்த்தியதும் தான்தானாம்.

"அந்த டிரம்முக்குப் பின்னாடி என்னைக்கும் ஒண்ணும் இருந்ததில்லையேப்பா" என்றான்.

ஏன்டா ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார் அப்பா. கோபமாகக் கேட்கவில்லை, கோபப்படத் தெம்பில்லை.

"காலையில ஏழு மணியிலேர்ந்து ஃபோன் விரட்டுதுப்பா. லேட்டு, லேட்டுன்னு... நாள் பூரா எவனோட அவசரத்துக்கோ ஓட்டறேன். அந்த ரெண்டு நிமிஷம்தான் எனக்காக ஓட்டறேன்."

அப்பாவுக்கு அது புரிந்தது. புரிந்ததுதான் அவரை மேலும் சோர்வாக்கியது. தான் விளக்கை விட்டுவிட்டு வந்ததை அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பையன்கள் மறுபடி கூடினார்கள். வேகத்தடைக்கு அந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டர் மிச்சம் இருக்கிறதே, அது போதாதா. ரப்பர் பெயரில் ஒரு பந்தயம் விட வேண்டும் என்று பேச்சு. மகன் வண்டியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருப்பதை அப்பா பார்த்தார். அன்று இரவே சிவப்பு விளக்கை எடுத்துக்கொண்டு போய் வேகத்தடை மேல் நின்றார். அன்றைக்கு யாரும் வரவில்லை. தன் மகனும் வரவில்லை என்பதில் அவருக்குச் சின்ன நிம்மதி.

இரண்டு மணிக்கு மேல்... முதலில் வாசனை. சூடான ரப்பர் கருகுகிற வாசனை, கூடவே பெட்ரோல். பிறகு தூரத்தில் ஒரு வண்டி. முகப்பு வெளிச்சம் இல்லை, சத்தம் மட்டும். நேராக வந்துகொண்டே இருந்தது. அவருக்கு முன்னால், ஒரு முழம் தள்ளி, நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய வேட்டியில் சூடு அடித்தது. எதிரே ஒன்றும் இல்லை... வெறும் சாலை.

அப்போதுதான் அதைக் கேட்டார். கிடுகிடு... கிடுகிடு... ஒரு பக்கம் கழன்ற நம்பர் பலகை.

அவர் விளக்கை இறக்கவில்லை. "மேடு இருக்குப்பா. மெதுவா போ" என்றார்.

எஞ்சின் சத்தம் தணிந்தது. மேட்டின் மேல் மெல்ல ஏறியது. தொம்... முன்சக்கரம். தொம்... பின்சக்கரம். பிறகு கிடுகிடுவென்று தூரத்தில் தேய்ந்து போயிற்று.

அன்றிலிருந்து தினமும் அதே நேரம். அவரும் தினமும் போனார். வண்டி அதிகம் ஓடாத சின்னத் தெருக்களில் பகல் கோட்டு வேலையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார், ராத்திரியில் இது. நடுச்சாலையில் ஒரு மனிதன் பேசாமல் விளக்குப் பிடித்து நிற்பதைப் பார்த்த பையன்கள் ஒருவர் பின் ஒருவராக வருவதை விட்டார்கள். வேகத்தடை நல்ல பலன் தந்திருக்கிறது என்று அலுவலகம் மேலிடத்துக்கு எழுதியது.

எங்கே போகிறீர்கள் என்று மகன் ஒரு நாள் வழிமறித்தபோது, வாசலிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டிரம்மை நகர்த்தியது நீ, ஆனால் விளக்கை விட்டுவிட்டு வந்தது நான் என்றார். தினமும் அவன் வருகிறான் என்பதையும் சொன்னார். மகன் வெகுநேரம் அழுதான். பிறகு உள்ளே போய் வண்டிச் சாவியைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் வைத்தான். மறுவாரமே வண்டியை விற்றுவிட்டு, ஒரு கிட்டங்கியில் மூட்டைக் கணக்கு எழுதப் போய்விட்டான். பெற்றவருக்கு வேறென்ன வேண்டும்?

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லவே மாட்டேன். இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள்.

வருடம் திரும்பியது. அதே தேதி. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வேகத்தடைக்குப் புதுப் பெயின்ட் போட்டார்கள். அந்தப் பெயின்ட் பத்து நிமிடத்தில் காய்ந்து கல்லாகிவிடும், லாரி ஏறினாலும் ஒட்டாது. கோட்டுக்காரர் கைநிறையக் கண்ணாடித் தூளை அள்ளித் தூவினார். அன்றைக்கு அவருக்கு நல்ல காய்ச்சல். இருந்தும் ராத்திரி விளக்கோடு போய் நின்றார்.

நிலா வெளிச்சத்தில் வேகத்தடை பளபளவென்று மின்னியது. இவ்வளவு நன்றாகத் தெரிகிறதே, இன்னும் எதற்கு ஆள் என்று அவருக்குத் தோன்றியது. ஒன்பது மாதத் தூக்கம் மொத்தமாகக் கண்ணில் வந்து உட்கார்ந்தது. இனி அவனும் நிம்மதியாகப் போவான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஓரத்தில் கிடந்த டிரம்மின் மேல் விளக்கை வைத்தார். ஒரு கண் தூங்கிவிட்டு வந்துவிடலாம் என்று... வீட்டுக்குப் போனார்.

ஆமாம். அதே தப்பு.

மகன் கூடத்தில் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். அவர் உள்ளறையில் போய் விழுந்தார். எவ்வளவு நேரம் தூங்கினார் என்று தெரியாது. ஒரு வாசனை எழுப்பியது. கருகிய ரப்பர். அதோடு காய்ச்சின பெயின்ட். வாசலுக்கு வெளியே... கிடுகிடு... கிடுகிடு. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருப்பது போல.

அவருக்கு வாய் எழவில்லை. விளக்கும் கையில் இல்லை.

வீட்டு வாசலில் ஒரு கல்படி உண்டு.

தொம்.

... தொம்.

பிறகு சத்தமே இல்லை. எஞ்சின் சத்தம் தேய்ந்து போகவில்லை, அப்படியே நின்றுவிட்டது. சுவரைப் பிடித்து எழுந்து டார்ச்சை அடித்தார். மணி இரண்டு பத்து. வாசல் கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தது. கதவடியிலிருந்து கூடத்துக்குள் ஒரு டயர் தடம் வந்திருந்தது. வெள்ளையாக, ஈரமாக. டார்ச் வெளிச்சத்தில் தடம் முழுக்கக் கண்ணாடித் தூள் மின்னியது. குனிந்து தொட்டார், விரலில் பெயின்ட் சூடாக ஒட்டியது. தடத்தைப் பின்தொடர்ந்து வெளிச்சத்தை நகர்த்தினார். அது நேராக மகனுடைய கட்டில் வரை போய், அங்கே நின்றிருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

மகன் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். மூச்சு சீராக வந்தது. கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவனுடைய வலது கை மட்டும், தூக்கத்திலேயே, ஆக்சிலேட்டரை மெல்ல மெல்ல முறுக்கிக்கொண்டிருந்தது.