லம்ரியாவுக்கு இரண்டாம் வழியனுப்பு

ஏரிக்கரை மாவட்ட மன்றத்தின் முன்னாள் உறுப்பினரும், இன்று ஜகார்த்தாவில் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருப்பவரும், சினுராத் குலத்தின் செல்வமகளும், மானிக் குலத்துப் பெண் வயிற்றில் பிறந்த மாண்புடையவருமான லம்ரியா அவர்களே!

அவரோடு ஒரே தேர்தலில் உயர்ந்து, மேடான் நகரின் மாகாண மன்றத்தைத் தம் குரலால் அதிரச் செய்துகொண்டிருக்கும் குல்தோம் குலத்துக் கோமானே, தும்பால் அவர்களே!

ஹோராஸ்! வாழ்க, வருக!

மேல் பதவிக்குப் போகிறவர்களுக்கு இம்மன்றம் ஒருமுறைதான் பாராட்டு மடல் வாசிக்கும். உங்கள் இருவருக்கும் சென்ற மழைக்காலத் தொடக்கத்தில் வாசித்துவிட்டோம். மறுபடி வாசிக்கும் வழக்கம் கிடையாது. இன்று வாசிக்கிறோம். ஏன் என்பதை மறைத்துப் பேச மானிக் குலத்தான் பழகியதில்லை. மன்றத்தில் வயதில் மூத்தவன் என்பதாலும், லம்ரியாவின் தாய் என் தங்கை என்பதாலும் இம்மடலை எழுதும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

லம்ரியா அவர்களே! பதினைந்து ஆண்டுகள் ஒன்பதாம் இருக்கையில் இருந்தீர்கள். மீன்கூண்டு முதலாளிகள் ஏரியைக் கூறுபோட வந்தபோது, அவர்கள் கொடுத்த விருந்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தீர்கள். படகுத்துறைக்கு விளக்குப் போட வைத்தீர்கள். மன்றத்துக்குப் புது நாற்காலி வேண்டும் என்று நாங்கள் அனைவரும் ஒருமனதாகக் கேட்டபோது எதிர்த்து நின்றவர் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் இன்றும் எங்கள் முதுகு வலிக்கிறது. பேச எழுமுன் இருமுறை தொண்டையைச் செருமுவீர்கள். அந்தச் செருமல் கேட்டால் அவையில் தேநீர்க் கோப்பைகூடச் சத்தம் போடாது.

தும்பால் அவர்களே! உங்களைப் பற்றியும் உண்மையே சொல்வோம். சாலை ஒப்பந்தக்காரர்கள் உங்கள் பெயரைக் கேட்டால் வியர்த்தார்கள். நாங்களும் வியர்த்தோம். கோபித்து வெளிநடப்புச் செய்வீர்கள். மறந்து வைத்த குடைக்காக உடனே உள்ளே வருவீர்கள். உங்களைப் போன்ற நேர்மையாளரை இம்மன்றம் கண்டதில்லை. உங்களைப் போன்ற வாயாடியையும் கண்டதில்லை.

அந்த வழியனுப்பு விழாவை நினைத்துப் பாருங்கள். தும்பாலின் முறை வந்தபோது, அவருடைய தங்கையை மணந்தவரான நம் தலைவர் மரோலோப் எழுந்து என்ன சொன்னார்?

"போய்ச் சேரும் மச்சான்! இனிமேலாவது எங்க காது குளிரட்டும்!"

"போறேன்யா, போறேன். நான் திரும்பிப் பார்த்தா என் பேரு தும்பால் இல்ல!"

அவை சிரித்தது. அவர் போனார். குடையையும் எடுத்துக்கொண்டு போனார்.

லம்ரியாவின் முறை வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. உங்கள் இருக்கை என்றென்றும் உங்களுக்கே என்றோம். நீங்கள் இல்லாமல் இம்மன்றம் இயங்காது என்றோம். உங்கள் குரல் இச்சுவர்களில் என்றும் ஒலிக்கும் என்றோம். எங்கே போனாலும் நீங்கள் எங்களோடுதான் என்றோம். உறுப்பினர் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "போகாதே தாயி, போகாதே" என்றோம். எல்லாம் அன்பினால் சொன்னவை. எழுதிக் கண்ணாடிச் சட்டமும் போட்டுக் கொடுத்தோம்.

நம் மக்களுக்குத் தெரியாதது அல்ல. உடம்பு ஒரு வழியிலும் உயிர் ஒரு வழியிலும் போகக்கூடியவை. பிரியமான குரல் கூப்பிட்டால் உயிர் நின்றுவிடும். அதனால்தான் தூரம் போகிற பெண்ணின் உச்சந்தலையில் தாய்மாமன் அரிசி வைத்து, உயிரையும் சேர்த்து அனுப்புவான். தலைநகருக்குப் போகிற நாடாளுமன்ற உறுப்பினருக்கு இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். நான் அப்போது இடுப்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தேன்.

அதன்பின் இந்த அவையில் நடந்ததை நீங்கள் இருவரும் அறிய வேண்டும்.

ஒன்பதாம் இருக்கைக்கு மங்காரா என்ற இளைஞர் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார். முதல் நாள் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார்.

"ஐயா, நாற்காலி சுடுது. யாரோ இப்பத்தான் எழுந்து போன மாதிரி இருக்கு."

"உனக்கு முன்னாடி யாரும் வரலயேப்பா. கதவத் திறந்ததே நீதான்" என்றார் தலைவர்.

ஏரி நீர் பற்றிய தீர்மானம் வந்த பிற்பகல், அந்த மேசையின் ஒலிவாங்கியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஒன்பதாம் நம்பர் மைக்க யாருய்யா அமுக்குனது?"

"என் கை ரெண்டும் மேசைக்கு மேலதான இருக்கு, பாத்துக்குங்க!"

"பழைய ஒயரு. எலி கடிச்சிருக்கும்" என்றார் பின்வரிசையிலிருந்து ஒருவர்.

அப்போது ஒலிபெருக்கியில் யாரோ இருமுறை தொண்டையைச் செருமினார்கள்.

"எலி செருமுமாய்யா?" என்று மங்காரா கேட்டார். பழக்கத்தினால் அவை முழுவதும் அமைதியாகிக் காத்திருந்தது. மூச்சுவிடும் ஓசை மட்டும் ஒலிபெருக்கி வழியாக வந்துகொண்டிருந்தது. பேச வாய் திறந்தவருக்குச் சொல் கிடைக்காததுபோல் இருந்தது. வெட்ட வெளிச்சத்தில், ஜன்னலுக்கு வெளியே படகுகள் போய்வந்துகொண்டிருந்த நேரத்தில், நாங்கள் அனைவரும் அதைக் கேட்டோம். தீர்மானத்தை ஒத்திவைத்தோம். மங்காரா அன்று முதல் பார்வையாளர் பக்கம் மடக்கு நாற்காலியில் உட்கார்கிறார். மின்பணியாளர் வந்து அந்த ஒலிவாங்கியின் இணைப்பைக் கழற்றிப் போனார். அதற்கடுத்த அமர்விலும் விளக்கு எரிந்தது.

அந்த வாரம்தான் ஜகார்த்தாவுக்குப் போயிருந்த தும்பால் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"பெரியவரே, லம்ரியா தங்கச்சியப் பார்த்தேன். எனக்கு மனசே சரியில்ல."

"ஏன், சாப்பிடலயா?"

"சாப்பிடுறா. சிரிக்கிறா. பேரச் சொல்லிக் கூப்பிட்டா மட்டும் திரும்ப மாட்டேங்குறா, வேற யாரையோ கூப்பிட்ட மாதிரி. சபையில பேச எழுந்தா வாய் அசையுது, சத்தம் வரல. டாக்டர் பார்த்துட்டு தொண்டையில ஒண்ணுமே இல்லங்குறாரு. நாளுக்கு நாள் இளைச்சுப் போறா."

"இங்க அவ மேசையில விளக்கு எரியுதுப்பா."

அவர் குரலைத் தாழ்த்தினார். தும்பால் தணிந்து பேசி நான் கேட்டது அதுவே முதல் முறை.

"கோச்சுக்காதீங்க பெரியவரே. என்னை நீங்க எல்லாரும் அடிக்காத குறையா விரட்டுனீங்க. நான் முழுசா வந்து சேர்ந்தேன். அவளப் போகாதே போகாதேன்னு அழுதீங்க. பாதி அங்கேயே நின்னுருச்சு."

தும்பால் அவர்களே, இம்மன்றத்தில் நீங்கள் பேசிய எல்லாப் பேச்சுக்கும் மேலான பேச்சு அது. இந்த மடலில் உங்களுக்குரிய பாராட்டு முழுவதும் அதற்கே.

இங்கே ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தலைநகரப் பத்திரிகை ஒன்று என் தங்கையின் மகளுக்கு 'ஊமை உறுப்பினர்' என்று பெயர் வைத்திருக்கிறது. ஏரியைப் பற்றிய சட்ட முன்வரைவு அடுத்த வாரம் அங்கே விவாதத்துக்கு வருகிறது. நம் ஏரிக்காகப் பேச அந்த அவையில் வேறு யாரும் இல்லை. பேச முடியாமல் போனால் ஏரி போகும். இப்படியே இளைத்தால் அவளும் போவாள். மானிக் குலம் சினுராத் குலத்துக்கு மூன்று தலைமுறையாகப் பெண் கொடுத்திருக்கிறது. அந்தப் பெண்களின் பிள்ளைகளில் ஒருவரைக்கூட உயிரில்லாமல் ஊர் தாண்ட விட்டதில்லை.

மன்றத்திலேயே அரிசி வைத்து மறுபடி அனுப்புவோம் என்றேன். தலைவர் முதலில் மறுத்தார். "ஐயா, மன்றத்துக்குள்ள அரிசி தூவுனா பத்திரிகைக்காரன் சிரிப்பான்."

"அங்க அவளப் பார்த்துச் சிரிக்கிறானே மரோலோப், அது உனக்குப் பரவாயில்லையா?"

அவர் எழுந்து போய்த் தாமே கதவுகளைத் திறந்து வைத்தார். அவருக்கு எங்கள் நன்றி.

லம்ரியா அவர்களே! இன்று காலை படகிலிருந்து இறங்கி எங்களைப் பார்த்துக் கைகுவித்தீர்கள். உதடு அசைந்தது. வெயில் நன்றாக அடித்தது. துறையின் பலகைமேல் எங்கள் எல்லோருடைய நிழலும் கறுத்து விழுந்திருந்தது. உங்களுடையதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

அன்று சொன்ன சொற்களை உங்கள் முன்னிலையில் இன்று திரும்பப் பெறுகிறோம்.

ஒன்பதாம் இருக்கை உங்களுடையது அல்ல. அது மங்காராவுடையது. நீங்கள் இல்லாமல் இம்மன்றம் நன்றாகவே இயங்குகிறது, வழக்கமான சண்டைகளோடு. உங்கள் குரல் இச்சுவர்களில் ஒலிக்க வேண்டாம். எங்களோடு நீங்கள் இருக்க வேண்டாம். எங்கள் கண்ணில் நீர் இருந்தால் அது எங்கள் பாடு. அதற்காக நீங்கள் நிற்க வேண்டியதில்லை.

இப்போது அந்த மேசையில் விளக்கு எரிந்தாலும் எரியலாம். உறுப்பினர்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம். செருமல் கேட்டால் அமைதியாக வேண்டாம், உரக்கப் பேசிக்கொண்டிருங்கள். தும்பால் அதற்கு உதவுவார்.

லம்ரியா, இது உன் தாய்மாமன் பேச்சு. மஞ்சளில் வேகவைத்த கெண்டையைத் தலை உன் பக்கம் இருக்குமாறு வைத்திருக்கிறேன். வாலில் தொடங்காமல் தலையில் தொடங்கிச் சாப்பிடு. உன் தோளில் என் வீட்டு ஊலோஸ் துணியைப் போர்த்துகிறேன். உன் அத்தை பிடிவாதமாக உட்கார்ந்து நெய்தது. உச்சியில் அரிசி வைக்கிறேன். உன் உடல் உறுதியாகட்டும். நோய் உன்னை அறியாதிருக்கட்டும். நரைத்து, கோல் ஊன்றி, பேரப்பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு நெடுங்காலம் வாழ்.

இனி நான் பேசுவது அவளோடு அல்ல.

லம்ரியாவின் உயிரே! உன் தாய்மாமன் கூப்பிடுகிறேன். நாங்கள் நிற்கச் சொன்னோம், நீ நின்றாய், உன்மேல் குற்றமில்லை. கூட்டம் முடிந்தது. எழுந்திரு. உன் உடம்பு உனக்காகக் காத்திருக்கிறது. படகு காத்திருக்கிறது. போ.

மகளே, நான் இதை வாசித்து முடித்ததும் எழுந்து வாசலை நோக்கி நட. நாங்கள் யாரும் உன்னோடு வரமாட்டோம். பாதி வழியில் உன் பின்னால் காலடி ஓசை கேட்கும். திரும்பாதே, பயப்படாதே. அவை உன் காலடிகள்.

ஹோராஸ்! ஹோராஸ்! ஹோராஸ்!

திரும்பி வரச் சொல்லாத அன்புடன்,
ஏரிக்கரை மாவட்ட மன்றத்து உறுப்பினர்களும் பணியாளர்களும்