பயில்வான் கால்

ராத்திரி பதினொரு மணி. சின்னசேலத்திலிருந்து நைனார்பாளையம் போகிற ரோடு. ஒரு நாய்கூட இல்லை... எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டி ரோட்டில் போட்டார்களே, அந்த வாரம். பஸ் ஏது? நம் இளஞ்செழியனின் பெரியப்பா செல்லமுத்து ரயிலை விட்டு இறங்கி நடந்தே கிளம்பினார். வீட்டில் நாலு வயது மகன் சின்னராசு காத்திருப்பான். தவமிருந்து பெற்ற ஒரே பிள்ளை. உயிரையே அவன்மேல் வைத்திருந்தார்.

ஏய், சிரிக்காதே, கேள். அவர் மனைவி கமலாவின் பிறந்த வீட்டில் ஒரு கேடு உண்டு. ஆண்பிள்ளைகளுக்குப் பத்து வயதில் கால் விழுந்துவிடும். கமலாவின் தம்பிகள் இரண்டு பேரும் அப்படித்தான் போனார்கள். அக்காள் இருசம்மாளின் மகன் பூமாலையும் அப்படித்தான். கெண்டைக்கால் மட்டும் திரண்டு கிடக்கும். உள்ளே சத்து இல்லை. தரையிலிருந்து எழுந்திருக்க முழங்காலில் கை, தொடையில் கை... சப், சப் என்று தன் உடம்பின்மேல் தானே ஏறுவான். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் தோள் மட்டும் மேலே வரும். பிள்ளை நழுவிவிடுவான்.

ஒருநாள் தெருவில் விழுந்து கிடந்தவன், "தூக்கி வுடு, சித்தப்பா" என்றான். செல்லமுத்து தாண்டிப் போய்விட்டார். படுபாவி! பூமாலை செத்த பதினாறாம் நாள் பந்தியில், இருசம்மாள் காதுபடவே பேசினார்.

"பொம்பள இன்னா, வெறும் நெலம். அவன் அப்பன் வெதைதான் சொத்தை. எம் புள்ள எங்க வூட்டு வெதை. காலப் பாத்தீங்களா? பயில்வான் காலு!"

மகனின் கெண்டைக்காலைத் தட்டித் தட்டிக் காட்டினார். வாய்க் கொழுப்பு, வேறென்ன? இருசம்மாள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி... ரோட்டுக்கு வருவோம். குறுக்கே ஒரு புளியமரம். வெட்டிய மரத்தின் பச்சை வாடை. கிளையை விலக்கிக் காலை வைத்தார். இருட்டுக்குள்...

சப். சப்.

அடிமரத்தின் ஓரத்தில் ஒரு பையன் எழப் பார்க்கிறான். முடியவில்லை.

"யார்றா அது?"

இரண்டு கைகள் நீண்டன. "தூக்கி வுடு, சித்தப்பா."

செல்லமுத்துவுக்குத் தாண்டிப் போகக் கால் வரவில்லை. கை தானாகப் போயிற்று. அக்குளில் கொடுத்துத் தூக்கினார். ஐயோ, என்ன குளிர்! தோள் வந்தது... உடம்பு வரவில்லை. வெறுங்கையில் ஈரமண் நாற்றம்.

வழி தப்பி, காடு மேடெல்லாம் ஓடினார். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. வீட்டுக் கதவைத் தட்டும்போது விடியத் தொடங்கியிருந்தது.

"இன்னாங்க இப்டி வர்றீங்க? புள்ள தூங்கவே மாட்டேன்னு ஒக்காந்துக்கினு கீறான்" என்றாள் கமலா.

அப்பாவைப் பார்த்ததும் சின்னராசு எழுந்தான். முன்னெல்லாம் துள்ளி எழுகிற பிள்ளை. இன்றைக்குத் தரையில் கை ஊன்றினான். பிறகு முழங்காலில். பிறகு தொடையில். சப்... சப்...

"டேய், வெளையாடாதடா!" செல்லமுத்து அலறிக்கொண்டு பாய்ந்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். தோள் இரண்டும் காதுவரை வந்தன. பிள்ளை நழுவித் தரையில் விழுந்தான்.

அழவில்லை. இரண்டு கைகளையும் நீட்டினான்.

"தூக்கி வுடு, சித்தப்பா."