முயல் பழகாது

— கையக் காட்டுடி. சட்டைக் கைய மணிக்கட்டு வரைக்கும் இழுத்து விட்டுட்டு வந்தா எனக்குத் தெரியாதா?

— விடுக்கா. பத்து நிமிஷம்தான் இருக்கு. அவர் கீழ வண்டியில உக்காந்திருக்கார். பாப்பாவுக்கு ஸ்கூல்ல ரெண்டு பிராணிய ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருக்காங்க. உன் ஆய்வுக்கூடத்துல பாத்து எழுதிக்கறேன்னு சொல்லித்தான் வந்தேன்.

— கூடப் பொறந்தவளப் பாக்க இப்படி ஒரு சாக்கு. சரி, எழுது. இந்தத் தொட்டியில இருக்கறது ஓடில்லாத கடல் நத்தை. அந்தக் கூண்டுல காட்டு முயல்.

— முதல்ல நத்தை.

— எலும்பில்ல, காதில்ல. மூளைன்னு சொல்லிக்கற அளவுக்கும் ஒண்ணுமில்ல. விரலால தொடு.

— ஐயோ, செவுள உள்ள இழுத்துக்குது.

— திரும்பத் தொடு. தொட்டுக்கிட்டே இரு.

— இப்ப சும்மா கிடக்கே.

— பழகிடுச்சு. இனி நீ தொட்டாலும் ஒண்ணுதான், தொடாட்டாலும் ஒண்ணுதான்.

— முயலு?

— மூணு வருஷமா நான்தான் தீனி வைக்கறேன். இன்னிக்கும் கதவுல கை வெச்சா மூலைக்கு மூலை பாயுது. மூக்குல ரத்தம் வந்தாலும் நிக்காது. அது பழகாதுடி.

— பாவம்.

— எது பாவம்?

— நீ எங்க வரேன்னு தெரியுதுக்கா. எனக்குப் பரவாயில்ல. கோவம் வந்தாத்தான் அவர் அப்படி. மத்தபடி...

— ஏழு வருஷமா இதே மத்தபடி. அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகருமாம், நீ நகரமாட்டேங்கற. உன் கால்ல விழறேன், பின்பக்கம் படிக்கட்டு இருக்கு. ஸ்கூல்லேருந்து பாப்பாவக் கூட்டிக்கிட்டு என் வீட்டுக்குப் போயிடலாம். ஒவ்வொரு தடவ போன் அடிக்கும்போதும் எனக்கு உசுரு போயி வருது.

— அக்கா, ஒண்ணு கேக்கவா?

— கேளு.

— பழகிப்போன நத்தைய யாரும் தொடாம விட்டா, பழையபடி சுருங்குமா?

— சுருங்கும். ரொம்ப நாள் தொட்டிருந்தா வாரக்கணக்குல ஆகும்.

— நிச்சயமா?

— நானே பாத்திருக்கேன். உனக்கும் அப்படித்தான்டி, கொஞ்ச நாள் என்கூட இருந்து பாரு.

— எனக்காகக் கேக்கலக்கா. நேத்து அவர் என் முடியப் பிடிச்சு சுவத்துல மோதினப்ப, பாப்பா எதிர்லதான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. தட்டுலேருந்து தலையத் தூக்கவே இல்ல.