சப்பரம் இழுத்த கார்

பல்சக்கரப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் பழைய வேட்டி ஒன்றைக் கீழே விரித்துக்கொள்வது நல்லது. சின்னத் திருகுகள் உருண்டு போனாலும் மடிப்பில் தங்கிவிடும். வெள்ளைத் துணி என்பதால் தேடவும் சுலபம். எங்கள் வீட்டில் இதற்கென்று என் கணவருடைய கல்யாண வேட்டியை ஒதுக்கியிருந்தேன். இருபத்துநாலு வருஷத்தில் அதற்கு வேறு வேலை வந்ததில்லை.

என் பெயர் கனகா. தஞ்சாவூரில் ஒரு பாலிடெக்னிக்கில் பதினெட்டு வருஷமாக ஒர்க்‌ஷாப் பாடம் நடத்துகிறேன். கணவர் காயாரோகணம் விதைநெல் பரிசோதனை செய்யும் ஆபீஸில் இருக்கிறார். நூறு நெல்லை ஈரத்தில் வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணுவது அவர் உத்தியோகம். அவர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. பேச்சும் கிடையாது. ‘மோட்டார் போட்டாச்சா’, ‘கேஸ் புக் பண்ணியா’, இவ்வளவுதான். பையன் பெங்களூருக்குப் போன பிறகு ‘சாம்பார்ல உப்பு’ என்ற ஒன்றும் சேர்ந்துகொண்டது. உப்பு கூடவா குறைவா என்று சொல்ல மாட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தனக்குத் தெரிந்த முத்துப்பேட்டை உபைதுல்லாவிடமிருந்து ஒரு ரிமோட் காரை வாங்கி வந்தார். உபைதுல்லாவின் மகன் துபாயில் ஓட்டிச் சலித்து அனுப்பியது. பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். உண்மைக் காரில் ஐந்தில் ஒரு பங்கு. பதினைந்து கிலோ. உள்ளே பெட்ரோல் என்ஜின். “ஓடிச்சுன்னா புலி அண்ணே” என்று உபைதுல்லா சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் வாசலில் அந்தப் புலி பதினோரு அடி ஓடியது. பிறகு உள்ளேயிருந்து அம்மியில் சரளைக்கல்லை அரைப்பதுபோல ஒரு சத்தம்.

“இது என்ன சத்தம் கனகா?” என்றார்.

கல்யாணமாகி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்று சொல்ல மாட்டேன். பதிலுக்காகக் காத்திருந்த முதல் கேள்வி.

திறந்து பார்த்தேன். அச்சில் வைக்கோல் சுற்றிக் கயிறாகியிருந்தது. ஒரு பல்சக்கரம் பல் மழுங்கிக் கிழவன் வாயாக இருந்தது. புதுச் சக்கரம் பொருத்தும்போது இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரு தாளை விட்டு இறுக்கிவிட்டு, பிறகு தாளை உருவ வேண்டும். அந்தத் தாளின் கனம்தான் இடைவெளி. தினசரி காலண்டர் தாள் இதற்குப் பொருத்தமாக இருந்தது. அவர் கிழித்துக் கொடுப்பார். கொடுக்குமுன் ராசிபலனைப் படிப்பார்.

“உனக்கு இன்னிக்குப் பிறரால் நன்மைன்னு போட்டிருக்கு.”

“அந்தப் பிறர் டார்ச்ச ஒழுங்காப் புடிச்சா நடக்கும்.”

சிரித்தார். சிரித்தால் அவருக்கு வலது கன்னத்தில் குழி விழும் என்பதை என்னுடைய நாற்பத்தேழாவது வயதில் கண்டுபிடித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் போயின. அவருடைய அப்பா இறந்த அன்று தான் ஏன் அழவில்லை என்பதைக்கூட டார்ச்சைப் பிடித்துக்கொண்டே சொன்னார். நான் திருகைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். முகத்தைப் பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பார்.

நாலாவது ஞாயிறு கார் ஓடியது. அவரும் அதோடு ஓடிவிட்டார். அறுவடை முடிந்த வயல்களில் கார் விடும் கூட்டம் ஒன்று இருந்தது. காலையில் போனால் இருட்டிய பிறகு வருவார். மறுபடியும் மோட்டார், கேஸ், உப்பு.

அந்த மாதம் கிரீஸில் ஒரு சிட்டிகை ஆற்றுமணல் கலந்தேன். ரசத்துக்குப் பெருங்காயம் போடுவோமே, அதைவிடக் குறைவு. இரண்டு வாரத்தில் சரளைக்கல் சத்தம் திரும்பி வந்தது, அவரும் வந்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் வேறு வேறாகச் செய்தேன். ஒருமுறை பல்சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் முனையை லேசாக அராவினேன். ஒருமுறை இரண்டு தாள் வைத்து இடைவெளியைக் கூட்டினேன். காரைக் கெடுத்தேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். சரிசெய்ய ஏதாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஒரு சக்கரம் வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டில் பேச்சு இருக்கும்.

“ஏண்டி, பெத்த புள்ளைக்குக்கூட நீ இவ்வளவு எண்ணெய் தேய்ச்சதில்லயே” என்பார் அவருடைய அக்கா நீலாம்பாள். பக்கத்துத் தெருவில் இருக்கிறார், எங்கள் வீட்டில்தான் வசிக்கிறார்.

பிறகு தமிழ்நிலா வந்தாள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. டிராக்டர் ஷோரூமில் சர்வீஸ் இன்ஜினியர். இருபத்தாறு வயது, சுறுசுறுப்பான பெண், வேலை சுத்தம். பெட்டியைத் திறந்து பார்த்ததும் சொன்னாள். “அங்கிள், எல்லாத்தையும் எஃகு சக்கரமா மாத்திடலாம். அப்பறம் பத்து வருஷத்துக்குத் தொறக்கவே வேணாம்.”

“பத்து வருஷமாம் கனகா, கேட்டியா” என்றார் அவர்.

கேட்டேன். ஐந்நூற்று இருபது ஞாயிற்றுக்கிழமைகள்.

ஆடி மாதப் பிறப்பன்று வந்து ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டாள். அவர் காலண்டர் தாளைக் கிழித்து நீட்டினார். “அதெல்லாம் எதுக்கு அங்கிள், இடைவெளி அளக்க கேஜ் இருக்கு” என்றாள். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைய ராசிபலனை யாரும் படிக்கவில்லை. கடைசியாக, திருகுகள் இளகாமல் பிடிக்கும் நீலப் பசையைத் தடவி, ஒவ்வொன்றையும் இறுக்கினாள்.

எங்கள் தெருப் பிள்ளைகள் பதினெட்டாம் பெருக்குக்குச் சப்பரம் இழுத்துக்கொண்டு வெண்ணாற்றுப் படித்துறைக்குப் போவார்கள். நாலு மரச்சக்கரம், உள்ளே சாமி படம், ஒரு விளக்கு. இந்த வருஷம் சப்பரத்தைத் தன் கார் இழுக்கும் என்று அவர் அறிவித்துவிட்டார். கரையிலிருந்து மாடு குளிப்பாட்ட இறக்கும் சரிவு ஒன்று உண்டு. அவர் கீழே தண்ணீரில் ரிமோட்டோடு நிற்பார், கார் பிரேக் பிடித்துப் பிடித்துச் சப்பரத்தோடு மெல்ல அவரிடம் இறங்கி வரும். தமிழ்நிலா வீடியோ எடுப்பாள்.

அன்று காலை அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது பெட்டியைத் திறந்தேன். தண்டையும் பெரிய பல்சக்கரத்தையும் பிணைப்பது தலையில்லாத ஒரு குட்டித் திருகு, உளுந்து அளவுதான் இருக்கும். அதைக் கழற்றி, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் ஊறவைத்து, நீலப் பசையைச் சுத்தமாகத் துடைத்து, விரலால் மட்டும் இறுக்கி வைத்தேன். நான் நகப்பூச்சு போடுவதில்லை. பாட்டிலை முந்தின வாரம் வாங்கியிருந்தேன்.

தெரு முனையிலேயே நின்றுவிடும் என்றுதான் கணக்கு. எல்லார் முன்னிலும் நிற்கும், அந்தப் பெண் முழிப்பாள், அவர் ‘கனகா, என்னன்னு பாரேன்’ என்பார். நிற்கவில்லை. கரை வரைக்கும் தாக்குப்பிடித்தது. நல்ல திருகு.

நான் படித்துறையில் உட்கார்ந்திருந்தேன். நீலாம்பாள் அக்கா எனக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார். பழையதைக் கழற்றியாகிவிட்டது, புதியதில் முதல் முடிச்சு. அப்போது மேலே என்ஜின் வீறிட்டது. சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் உறவு விட்டுப்போனால் வரும் சத்தம். அங்கிருந்தவர்களில் அது என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். கார் சரிவில் உருள ஆரம்பித்தது. பின்னால் சப்பரம் தள்ளியது.

‘ஒதுங்குங்க’ என்று சொல்ல நேரம் இருந்தது. ஆனால் தாலிக்கயிறு மாற்றும்போது பாதியில் எழுந்திருக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். புருஷனுக்கு ஆகாது என்பார்கள். நான் எழுந்திருக்கவில்லை. சரிவில் பிள்ளைகள் ஒன்பது பேர் நின்றார்கள். இதைப் பிறகுதான் எண்ணினேன்.

பிள்ளைகள் தாங்களே பாய்ந்து விலகிவிட்டார்கள். அவரும் விலகியிருக்கலாம். கார் ஆற்றோடு போய்விடுமே என்று ரிமோட்டைப் போட்டுவிட்டு, கோல்கீப்பர் மாதிரி காலை அகட்டிக் குறுக்கே நின்றார். இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. சப்பரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. விளக்குகூட அணையவில்லை.

“முடிச்சு கெட்டியா இருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் அக்கா திரும்பிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் தமிழ்நிலா அழுதாள். “நான்தான் ஆன்ட்டி கடைசியா டைட் பண்ணேன். பசை போட்டதா ஞாபகம். போடலையோ என்னமோ.” திறந்து பார்த்திருக்கிறாள், திருகில் பசை இல்லை. அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். “விடும்மா. மறதி யாருக்கும் வரும்” என்றேன். இப்போது ஷோரூமுக்குப் போவதில்லையாம், ஸ்பானரைத் தொடவே மாட்டேன் என்கிறாளாம். நல்ல பெண். கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டும்.

தண்டு கழன்றால் கார் நிற்கத்தானே செய்யும் என்று நினைத்தேன் என்று மற்றவர்களிடம் சொல்லலாம். நம்புவார்கள். ஆனால் அந்தக் காரில் பிரேக் சக்கரத்தில் இல்லை, அந்தப் பெரிய பல்சக்கரத்தோடு இருக்கிறது. திருகு போனால் பிரேக்கும் போகும். சமதரையில் நிற்கும், சரிவில் நிற்காது. இதை நான் பதினெட்டு வருஷமாகப் படம் போட்டு நடத்துகிறேன். சரிவு எவ்வளவு என்று முந்தின வாரம் நடந்தும் பார்த்தேன். பாட்டிலை வாங்கிக்கொண்டு திரும்பியது அந்த வழியாகத்தான்.

காலில் தகடு வைத்து எட்டுத் திருகு போட்டிருக்கிறார்கள். நல்ல வேலைப்பாடு. திறக்கவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு மாதமாக அவர் வீட்டில் இருக்கிறார். காலையில் காலண்டர் தாளைக் கிழித்து இரண்டு பேருக்கும் ராசிபலன் படிக்கிறார். கார் கூடத்தில் வேட்டிமேல் பிரித்துப் போட்டிருக்கிறது. “உன்னத் தவிர யாரையும் அதத் தொட விட்டிருக்கக் கூடாது கனகா” என்கிறார். நானும் அதைத்தான் சொல்கிறேன். சாம்பாரில் உப்பு குறைவு என்றும் முழுசாகச் சொல்கிறார்.

பொங்கலுக்குள் வாக்கரை விட்டுவிட்டுத் தானே நடந்துவிடுவார் என்று பிசியோதெரபிக்கு வருகிறவர் நேற்றுச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலை வாக்கரின் முன்கால் ஒன்று லேசாக ஆடுகிறது என்றார் என் கணவர். வேட்டியில் ஓர் ஓரத்தை ஒதுக்கி, டார்ச்சை அவர் கையில் கொடுத்தேன். கன்னத்தில் குழி விழச் சிரித்தார். நான் பக்கத்தில் இருக்கும்வரை இந்த மனுஷருக்கு என்ன ஆகிவிடப் போகிறது.